நீராவியா, நுண்துளியா? – இலத்திரனியல் சிகரெட்டின் இரசாயனம்

மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின்மேல் விடியற்காலையிற் படியும் மூடுபனியை நீராவி என்று கூறுவோர் உளர். அது பொருந்தாது. நீராவி கண்ணுக்குப் புலனாகாதது. வெண்மையாய்த் தோன்றுவது அவ்வாவி குளிர்ந்து திரண்ட நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமே. வளியில் இவ்வாறு மிதக்கும் துளிகளையும் துணிக்கைகளையும் விஞ்ஞானிகள் ஏரோசோல் என்பர். இலத்திரனியல் சிகரெட்டிலிருந்து எழும் வெண்படலமும் இவ்வினத்ததே. அதனை “வெறும் நீராவி” எனச் சொல்லி இளைஞர் கையிற் கொடுப்பது இரசாயன அறிவுக்கு ஒவ்வாத செயலாகும்.

அக்கருவியில் எரிதல் நிகழ்வதில்லை. மின்கலம் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்க, திரியில் ஊறிய திரவம் ஆவியாகி, உடனே குளிர்ந்து துளிகளாகின்றது. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரோலும் ஆம். முன்னையது 188 பாகை செல்சியசிலும் பின்னையது 290 பாகையிலும் கொதிப்பன. நறுமணப் பொருள்களும், பெரும்பாலும் நிக்கொட்டினும் அவற்றோடு கலந்திருக்கும். மூடுபனியின் துளி ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர் அளவினதாக, இத்துளிகளுட் பல ஒரு மைக்கிரோமீற்றரினும் சிறியன. ஆதலின் சுவாசப்பையின் சிற்றறைகள்வரை செல்ல வல்லன.

வெப்பம் மிகுங்கால் கேடும் மிகும். தாச்சியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் நெடியை அறியாதார் இலர். அதன் காரணங்களுள் ஒன்று அக்குரோலீன். எண்ணெயிலிருந்து பிரியும் கிளிசரோல் இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்து அதுவாகின்றது. திரி உலர்ந்து சுருள் மிகச் சூடேறின், இதே மாற்றம் அச்சிறு குழாயினுள்ளும் நிகழும். போமல்டிகைட்டும் அசற்றல்டிகைட்டும் உடன் தோன்றும். சுருளின் நிக்கல், குரோமியம் என்பனவும் சிறிதளவிற் கலக்கலாம். உலர்த்தியின் வெப்பம் சற்று மிகினும் தேயிலை கருகுமென்பதால் தொழிற்சாலையில் அதனை விழிப்புடன் காப்பர். இங்கோ, பல கருவிகளில், உறிஞ்சுபவர் அவ்வெப்பத்தை அறியவும் மாட்டார்.

நிக்கொட்டின் காரத்தன்மையுடையது; தொண்டையை உறுத்துவது. பென்சோயிக்கமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினால் உறுத்தல் குறைகின்றது. குறையவே, மிகுந்த அளவினையும் எளிதில் உள்ளிழுக்கலாம்; பழக்கம் வேரூன்றுதற்கு இதனினும் ஏற்ற வழி வேண்டுவதில்லை.

எரிதல் இன்மையால் காபனோரொட்சைட்டும் தாரும் சாதாரண சிகரெட்டைவிட இதில் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் அவ்வொப்பீடு புகைப்பவருக்கே பொருந்தும்; தூய மலைக்காற்றைச் சுவாசிக்கும் மாணவனுக்குப் பொருந்தாது. தோட்டங்களில் வெற்றிலையோடு மெல்லப்படும் புகையிலையிலுள்ளதும் இதே நிக்கொட்டின்தான். இலங்கையில் 2016 ஆம் ஆண்டு வெளிவந்த ஒழுங்குவிதிகள் புகையில்லாப் புகையிலையையும், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டையும் ஒருங்கே தடைசெய்தன.