மரபணு எழுதியதும் எழுதாததும்

கொலம்பியாவின் ஆன்டியோகியா மலைப்பகுதியில் சில குடும்பங்களுக்கு நாற்பதைத் தாண்டினாலே அச்சம். சொன்னதையே திரும்பச் சொல்வதில் தொடங்கும். ஐம்பதுக்குள் பலருக்கு முழு டிமென்ஷியா. சூனியம் என்றும் பேச்சு இருந்தது.

மெடயின் நகர நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980களிலிருந்து அந்தக் குடும்பங்களைத் தேடித்தேடிப் போனார். நோய், அல்சைமர். காரணம், பிரெசெனிலின்-1 மரபணுவில் ஒரேயொரு பிழை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. வந்தால் தப்புவது மிக அரிது.

அந்த அரிதும் நடந்தது. அதே பிழையைச் சுமந்த ஒரு பெண்மணிக்கு எழுபது வயது வரை நினைவு தடுமாறவில்லை. ஸ்கேனில் அவர் மூளை முழுக்க அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவு! ஏபிஓஇ மரபணுவின் இரு பிரதிகளிலும் இருந்த ‘கிரைஸ்ட்சர்ச்’ என்ற மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இப்படித் தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் அல்சைமர், மொத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. ஏபிஓஇ மரபணுவின் பரவலாகப் பேசப்படும் வகையான ஏபிஓஇ-4 அபாயத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. இல்லாமலே வந்தவர்களும் உண்டு. பாட்டிக்கு மறதி வந்ததாலேயே பேத்தி தூக்கம் கெடத் தேவையில்லை.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்கிறது 2024-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், தனிமை எல்லாம் அதில் வரும். நாம் கண்டுகொள்ளாதது காது. கேட்காதவர் மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குவார். மூளைக்கு வேலை குறையும். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல், டி.வி. சத்தத்தை அப்பா கூட்டத் தொடங்கும்போதே காது பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம்.