உங்களுக்குத் தெரியுமா? - பழைய ஃபிளாப்பியைப் பிரதி எடுக்கலாமா?

● கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உலகுக்குத் திரும்பக் கிடைத்தது மைசூருவில்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் அங்குள்ள அரசு ஓரியண்டல் நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியை ஆர். சாமசாஸ்திரி 1905இல் அடையாளம் கண்டு, 1909இல் அச்சேற்றினார். ஓலை செல்லரிக்கும் முன் யாராவது பிரதி எடுத்துவந்ததால் பிழைத்த நூல் அது.

● அதே மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பிற்பாடு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் தயாராயின. அந்தப் பிரிண்டர்களோடு இணைந்த கணினிகளில் ஃபிளாப்பி வட்டு போட்டு ஓட்டிய மென்பொருள்கள் பல இன்று கடையில் இல்லை. அதற்காக அந்தச் சுவடியைப்போல் அவற்றை நினைத்தபடி பிரதி எடுக்க முடியாது. விற்பதை நிறுத்தினாலும் உரிமை போய்விடுவதில்லை.

● 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால், நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் 'இலக்கியப் படைப்பு'. கடிதம், கட்டுரை தட்டச்சு செய்ய உதவிய வேர்ட்ஸ்டார் மென்பொருளும் ஒரு நாவலும் சட்டத்தின் கண்ணில் ஒரே ரகம்.

● உரிமை எவ்வளவு காலம்? எழுதியவரின் ஆயுளும், அதன் பிறகு 60 ஆண்டுகளும். நிரலை எழுதியவர் 1985இல் காலமாகியிருந்தால்கூட 2045 முடியும்வரை உரிமை உண்டு. அதுவரை ஃபிளாப்பி தாங்குமா என்பது வேறு கதை.

● முறையாக வாங்கியவருக்குச் சலுகை உண்டு. வட்டு கெட்டுப்போகலாம் என்ற பயத்தில் காப்புப் பிரதி எடுப்பதைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. ஆனால் அதை நண்பருக்குக் கொடுப்பதோ விற்பதோ இதில் சேராது.

● திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து, ரூ.50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம்.

● உரிமையை நிஜமாகவே கைவிட நினைப்பவருக்குப் பிரிவு 21 வழி சொல்கிறது: பதிப்புரிமைப் பதிவாளருக்கு எழுதித் தர வேண்டும், அல்லது பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது.

● உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், பிரிவு 31ஏ-யின்கீழ் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

● மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. ஸ்பெக்ட்ரம் கணினியின் ரோம் நிரலை எமுலேட்டர்களோடு (பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள்கள்) சேர்த்து விநியோகிக்க ஆம்ஸ்ட்ராட் 1999இல் இசைந்தது. எம்எஸ்-டாஸின் ஆரம்ப காலப் பதிப்புகளின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2014இல் பார்வைக்கு வைத்தது. 2018இல் யாரும் பிரதி எடுக்கலாம் என எம்ஐடி உரிமத்தில் விட்டது.

● உங்கள் வீட்டுப் பரணில் 5.25 அங்குல ஃபிளாப்பி இருக்கிறதா? வாங்கிய பில்லைத் தேடி எடுத்து அதோடு வையுங்கள். பிரதி எடுக்கும் முன், உறையின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டை ஒரு துண்டு ஸ்டிக்கரால் மூடுங்கள். உள்ளே இருப்பது தவறியும் அழியாது. அந்தப் பிரதி உங்களோடு இருக்கட்டும். பிறருக்குக் கொடுப்பதென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.