எந்தக் கோப்பு, எந்த எண்?

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். ரஸ்ட் மொழியில் எழுதிய ஒரு சர்வர், எந்த போர்ட்டில் ஓட வேண்டும் என்பதை ஒரு கோப்பிலிருந்து படிக்கிறது. கோப்பைத் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் எழுத்துகளை எண்ணாக்க வேண்டும். முதல் வேலை கெட்டால் வருவது ஐஓ எரர். இரண்டாவது கெட்டால் பார்ஸ்இன்ட்எரர். இரண்டும் வெவ்வேறு வகை. ஆனால் ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் ரிசல்ட்டில் ஒரே ஒரு பிழை வகைக்குத்தான் இடம். நேராக எழுதிப் பார்த்தால் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் நிறுத்திவிடும்.

இங்கேதான் மேப்_எர் வருகிறது. ரிசல்ட் என்பது ஓகே அல்லது எர், இரண்டில் ஒன்று. மேப்_எர் கையில் ஒரு குளோஷரைக் கொடுத்தால், எர் வந்திருக்கும்போது மட்டும் அதை ஓட்டி, உள்ளே இருக்கும் பிழையை வேறொன்றாக மாற்றித் தரும். ஓகே வந்திருந்தால் தொடவே தொடாது. சி++23-இல் வந்த எக்ஸ்பெக்டட் வகையிலும் டிரான்ஸ்ஃபார்ம்_எரர் என்ற பெயரில் இதே சமாச்சாரம் உண்டு.

"அதுதான் கேள்விக்குறியே செய்கிறதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 நவம்பரில் ரஸ்ட் 1.13-இல் நிலைபெற்ற ? குறி, எர் வந்தால் ஃபங்ஷனை விட்டு உடனே வெளியேறுகிறது. போகிற போக்கில் ஃப்ரம் என்ற டிரெய்ட் வழியாகப் பிழையின் வகையையும் மாற்றிவிடுகிறது. ஒருமுறை ஃப்ரம் எழுதிவிட்டால் போதும், அப்புறம் எங்கும் ஒற்றைக் குறிதான். சுகமான ஏற்பாடு.

ஆனால் ஃப்ரம்முக்குத் தெரிந்தது வகை மட்டுமே. பிழை எந்த வரியில் பிறந்தது, அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அதற்குத் தெரியாது. அதே ஃபங்ஷன் ஒரு கோப்பைப் படித்து இன்னொன்றில் எழுதினால், இரண்டிலும் வருவது ஐஓ எரர்தான். கோப்பைத் திறக்கும்போது கிடைக்கும் அந்தப் பிழைக்குள் கோப்பின் பெயரும் இருக்காது. அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை, ஓஎஸ் எரர் 2 என்று லாக்கில் ஒரு வரி நிற்கும். எந்தக் கோப்பு என்று தேடுவது ராத்திரி டியூட்டி பார்ப்பவர் தலையில் விழும். மேப்_எர்-க்குத் தரும் குளோஷரோ, பக்கத்தில் இருக்கும் கோப்புப் பெயரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், அதன் உண்மையான பயன் வகை மாற்றுவதில் இல்லை, இதில்தான்.

எண் பக்கம் பாருங்கள். கோப்பில் 8080 என்று சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத்துத் தொடரில் செல்லாத இலக்கம் இருப்பதாகப் பிழை வருகிறது. வரி முடிவில் எடிட்டர் போட்ட நியூலைன், கோப்பை முழுசாகப் படிக்கும்போது கூடவே வந்துவிட்டது. பார்ஸ் அதைத் தானாக நீக்காது. மேப்_எர்-இல் அந்த எழுத்துத் தொடரையும் டீபக் வடிவில் சேர்த்திருந்தால், எண்ணுக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்லாஷும் என் என்ற எழுத்தும் பளிச்சென்று தெரியும். டிரிம் போட்டால் வேலை முடிந்தது.

இதைக் கெடுக்கவும் வழி உண்டு. குளோஷருக்குள் வரும் பழைய பிழையை அடிக்கோடு (_) போட்டு ஒதுக்கிவிட்டு, 'கான்ஃபிக் தவறு' என்று மட்டும் திருப்பி அனுப்புவது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'வயிற்று வலி' என்று சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது போல. இதைப் பிடிக்க ரஸ்டின் லின்ட் கருவியான கிளிப்பியில் தனி விதியே இருக்கிறது. நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். பழைய பிழையைப் புதியதற்குள் வைத்து, சோர்ஸ் மெத்தட் வழியாக எடுக்கும்படி விடுவதே முறை.

எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் ஆக்குவதும் கிட்டத்தட்ட இதே கதை. கோப்பு இல்லையென்றால் 8080 என்று வைத்துக்கொள், அனுமதி இல்லையென்றால் நின்றுவிடு என்று அழைத்தவர் முடிவெடுக்க நினைத்தால், வாக்கியத்தைப் படித்தா பிரிப்பார்? பிறர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் திஸ்எரர் என்ற கிரேட்டைக் கொண்டு எனம் (enum) வகை எழுதிவிடுங்கள். கடைசியில் மனிதர் படிக்கப்போகும் அப்ளிகேஷன் என்றால் எனிஹவ் கிரேட்டின் வித்_கான்டெக்ஸ்ட் போதும். அது மூலப் பிழையையும் உள்ளேயே வைத்திருக்கும்.