கடல் கடந்த கைப்பேசி

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது அணைத்து வைத்த கைப்பேசியை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கித் திறக்கிற பிரயாணிக்கு, அடுத்த நிமிஷமே அந்தத் தேசத்து நெட்வொர்க் ஒன்றின் பெயர் திரையில் தோன்றுவதும், ஜெர்மனிக்கு நல்வரவு கூறி ஒரு குறுஞ்செய்தி வந்து சேருவதும் இன்று எவ்வித ஆச்சரியத்தையும் உண்டாக்குவதில்லை. ஆயினும் அந்த ஒரு நிமிஷத்துக்குள், இரண்டு கண்டங்களில் இருக்கும் இரண்டு ஸ்தாபனங்கள் அவர் இன்னார் என்று விசாரித்து, ஒன்று அவருக்காக ஜாமீன் சொல்ல, மற்றொன்று அதை ஏற்றுக்கொண்டு, அவர் பெயரில் கணக்கையும் தொடங்கிவிட்டிருக்கின்றன. அந்நிய தேசத்தில் செல்போன் உபயோகிக்கிறவர்களுக்கு நேருகிற சிரமங்கள், எதிர்பாராத பெருங்கட்டணம் முதல் வந்து சேராத ஓடிபி வரையில், அநேகமாக எல்லாமே இந்த ஜாமீன் ஏற்பாட்டின் தன்மையை அறியாததால் விளைபவை என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அதை முதலில் விளக்கிவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வருகிறேன்.

எல்லை கடந்தும் பேசலாம் என்ற வசதி செல்போனோடு கூடவே பிறந்தது. 1981-இல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் தொடங்கி, விரைவில் டென்மார்க்கையும் பின்லாந்தையும் சேர்த்துக்கொண்ட வட ஐரோப்பிய ஏற்பாட்டில், காரிலே பொருத்திய தொலைபேசியோடு ஒருவர் அண்டை நாட்டுக்குள் சென்றாலும் பேச முடிந்தது. மற்ற ஐரோப்பிய தேசங்களோ ஒவ்வொன்றும் தனக்கெனத் தனித்தனி முறையை வகுத்துக்கொண்டிருந்தபடியால், பிரான்சில் வாங்கிய கருவி ரைன் நதியைத் தாண்டியதும் பயனற்றுப்போயிற்று. இக்குறையை நீக்கும் பொருட்டே 1987 செப்டம்பர் 7-ஆம் தேதி கோபன்ஹேகனில் 13 தேசங்களைச் சேர்ந்த தொலைபேசி ஸ்தாபனங்கள், இனி எல்லோருக்கும் ஜி.எஸ்.எம். என்ற ஒரே முறை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அம்முறையில் முதல் சம்பாஷணையை 1991 ஜூலை முதல் தேதி பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி நிகழ்த்தினார். மறு வருஷமே பின்லாந்து, பிரிட்டன் ஆகிய இரு தேசங்களின் நிறுவனங்கள், ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் உபசரிப்பதென்று முதல் ரோமிங் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் தேசத்தில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசி செல்போன் சேவையைத் தொடங்கி வைத்தபோது, நாமும் அதே முறையைக் கைக்கொண்டோம். ஆகவே அம்முறை பரவிய தேசங்கள் நம்முடைய போன்களுக்குத் திறக்க வழி பிறந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் வேறு முறைகளைப் பின்பற்றியபடியால், அங்கே சென்ற நம்மவர்கள் நெடுங்காலம் நரிதா போன்ற விமான நிலையங்களில் போனையே வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது.

சிம் கார்டுக்குள் இருப்பது நாம் உற்றார் உறவினருக்குக் கொடுக்கும் பத்து இலக்க எண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் பொதிந்திருப்பது வேறோர் அடையாள எண்; சாதாரணமாக 15 இலக்கம் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404-ம் 405-ம், இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525. அந்த எண்ணோடு ஓர் இரகசியத் திறவுகோலும் சிம்மில் உண்டு; அதன் பிரதி தாய் நிறுவனத்தின் பெட்டகத்தில் மாத்திரமே இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் போன் விழித்தெழுந்து தன் அடையாள எண்ணைச் சொன்னதும், ஜெர்மன் நிறுவனம் முதல் சில இலக்கங்களைப் பார்த்து இது இந்தியாவைச் சேர்ந்த இன்ன நிறுவனத்தின் பிள்ளை என்று கண்டுகொண்டு, அங்கே விசாரணை அனுப்புகிறது. இந்திய நிறுவனம் இரகசியத் திறவுகோலை வெளியிடாமல், ஒரு கேள்வியையும் அதற்கு வரவேண்டிய விடையையும் மட்டும் கணித்து அனுப்ப, ஜெர்மன் நிறுவனம் அக்கேள்வியைப் போனிடம் கேட்டு, சிம் தானே கணித்துச் சொன்ன விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்திருந்தால் பிரயாணிக்கு வாசல் திறக்கிறது. அவர் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற குறிப்பும் சென்னைக்குத் திரும்புகிறது. காரைக்குடியில் எழுதிக் கொடுத்த உண்டியல் சீட்டை நம்பி, அதைக் கொண்டுவந்தவரை முன்பின் பாராமலே ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த நகரத்தார் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்களே, அந்த நாணயத்தின்மேல்தான் ரோமிங்கும் நடைபெறுகிறது. ஜெர்மன் நிறுவனம் பிரயாணியிடம் ஒரு காசும் கேட்பதில்லை. மொத்தக் கணக்கையும் இந்திய நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அது தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் வசூலிக்கிறது.

இவ்வளவும் தெரிந்தால் கட்டணத்தின் மர்மம் தானே விளங்கிவிடும். மதுரையிலிருந்து மாமா ஒருவர் நம் எண்ணை அழைக்கிறார். நாம் பாரிஸில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் கொடுப்பதும் உள்ளூர்க் கட்டணமே. அழைப்பு முதலில் நம் தாய் நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து பாரிஸுக்கு அனுப்பப்படுவதால், அந்த இரண்டாவது பிரயாணத்தின் செலவு நம் தலையில் விழுகிறது. வந்த அழைப்பை எடுத்ததற்கும் பணம் பிடிப்பதன் காரணம் இதுவே. இன்னும் விசித்திரமானது ஒன்று உண்டு. ஒரே சுற்றுலாக் குழுவில் வந்த இரு நண்பர்கள், ஈஃபில் கோபுரத்தின் அடியில் ஒருவர் மேற்குக் காலருகேயும் மற்றவர் கிழக்குக் காலருகேயும் நின்றுகொண்டு தத்தம் இந்திய எண்களில் பேசிக்கொண்டால், பேச்சு பாரிஸிலிருந்து இந்தியா சென்று, இந்தியாவிலிருந்து பாரிஸுக்குத் திரும்பி வருகிறது. அழைத்தவரும் கொடுக்கிறார், எடுத்தவரும் கொடுக்கிறார்.

டேட்டாவின் வழியும் பெரும்பாலும் இவ்வாறே. ரோமிங்கில் இருக்கிறவர் நியூயார்க்கில் நின்று எதிரேயுள்ள ஓட்டலைத் தேடினாலும், அவர் கேள்வி கடலடிக் கம்பிகள் வழியாக இந்திய நிறுவனத்துக்குச் சென்றே இணையத்தில் இறங்குகிறது; போன் சற்று மந்தமாகத் தோன்றுவதற்கு இந்தச் சுற்றுவழி ஒரு காரணம். ஆனால் சீனத்தில் இதுவே ஓர் அனுகூலமாகிவிடுகிறது. அங்கே உள்ளூர் சிம் வாங்கினவருக்கு வாட்ஸ்அப்பும் கூகுளும் திறப்பதில்லை. தம் தேசத்து சிம்மிலேயே ரோமிங்கில் இருப்பவருக்கோ, அவருடைய இணையம் தாய்நாட்டில் இறங்குவதால், அவை பெரும்பாலும் திறக்கின்றன. இதற்கு மாறாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ளூர் இணைப்பில் வாட்ஸ்அப் செய்திகள் செல்லும், பேச்சு செல்லாது என்ற நிலை நெடுங்காலமாக இருந்து வருகிறது. துபாயில் வேலை செய்யும் பிள்ளையோடு பேச நம் ஊர்ப் பெற்றோர்கள் போட்டிம் போன்ற, அங்கே அனுமதி பெற்ற செயலிகளைப் போனில் ஏற்றி வைத்திருப்பது இதனாலேதான்.

கட்டணம் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இயற்கை விதித்துவிடவில்லை. முதலில் வழிகாட்டியது செல்வந்த ஐரோப்பா என்று எண்ணுவோம்; உண்மையில் வழிகாட்டியது ஆப்பிரிக்கா. சூடானில் பிறந்த மோ இப்ராகிம் தோற்றுவித்த செல்டெல் நிறுவனம், 2006 செப்டம்பரில் கென்யா, உகாண்டா, தான்ஸானியா ஆகிய மூன்று தேசங்களிலும் தன் வாடிக்கையாளர்கள் எங்கே சென்றாலும் அவ்விடத்து வாடிக்கையாளரைப் போலவே பேசலாம், வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தது. எல்லையின் இருபுறமும் உறவும் வியாபாரமும் கொண்ட ஜனங்களுக்கு அது எத்தகைய உபகாரமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்நிறுவனத்தின் ஆப்பிரிக்க வியாபாரம் பின்னர் 2010-இல் நம் ஏர்டெல்லின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவிலோ சட்டத்தின் மூலமே காரியம் நடந்தது. விவியன் ரெடிங் என்ற அம்மையார் தொலைத்தொடர்புப் பொறுப்பிலிருந்த காலத்தில், 2007-இல், ரோமிங்கில் அழைத்துப் பேசினால் நிமிஷத்துக்கு 49 சென்ட், வரும் அழைப்பை எடுத்தால் 24 சென்ட், அதற்குமேல் வரி நீங்கலாக ஒன்றும் வாங்கலாகாது என்று ஐரோப்பிய யூனியன் உச்சவரம்பு விதித்தது. 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பைத் தேர்ந்துகொண்டாலன்றி, டேட்டாக் கட்டணம் 50 யூரோவை எட்டியதும் இணைப்பை நிறுத்திவிட வேண்டும் என்றும் ஏற்பட்டது. 2017 ஜூன் 15 முதல் யூனியனுக்குள் எங்கே பிரயாணம் செய்தாலும் சொந்த ஊர்க் கட்டணமே என்றாயிற்று. அச்சட்டம் 2032 வரையில் நீடிக்கப்பட்டுமிருக்கிறது. பத்து வருஷ காலம் படிப்படியாகப் போராடிப் பெற்ற இந்த நன்மையை, பிரஜைகளின் அன்றாட வாழ்க்கைக்கு அந்த யூனியன் செய்த மிகச் சிறந்த உதவிகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். தெற்காசிய தேசங்கள் தமக்குள் இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொள்ளாமல் இருப்பது, யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் இடையே எத்தனை குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன என்று அறிந்தவர்களுக்கு வருத்தம் தருவதாகும்.

நம் பிரயாணிகள் இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்திய சிம்முக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆனால் பாரிஸில் ஓர் உள்ளூர் சிம் வாங்கிக்கொண்டால், நியாயமான அளவு வரையில் அதே டேட்டாவை ரோமிலும் பெர்லினிலும் உபயோகிக்கலாம். நார்வேயும் ஐஸ்லாந்தும்கூட அதில் அடக்கம். ஸ்விட்ஸர்லாந்து அடக்கமன்று. நம் ஊர்ச் சுற்றுலாக் குழுக்கள் பாரிஸிலிருந்து நேரே ஆல்ப்ஸ் மலைக்குச் செல்வதையே வழக்கமாகக் கொண்டவை. மலைச் சிகரத்திலிருந்து வீடியோ அழைப்புச் செய்ய ஆவல் மிகும் அந்த இடத்திலேதான் சலுகை முடிந்துபோகிறது. பிரிட்டனும் யூனியனைவிட்டு விலகியபின் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதன்று. சிம் வாங்கும்போது எந்தெந்த தேசங்களில் செல்லும் என்று பெயர் பெயராகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

இனி, நம்மவர்களை அதிகமாக வருத்துகிற ஓடிபியைப் பற்றி. ஓர் அந்நிய சிம்மை வாங்கியதும் பழைய இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப முற்படும்போது ஓடிபி வரவில்லையே என்று திகைக்கிறார்கள். நம் எண் வேறு, இணைப்பு வேறு என்பதை மனத்தில் கொண்டால் இத்தகைய திகைப்புக்கு இடமில்லை. இரண்டு சிம் கொள்ளும் போனில், இந்திய சிம்மைப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் உயிரோடு வைத்து, அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, டேட்டாவை உள்ளூர் சிம்மிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிற குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் ரோமிங் வசதியைப் புறப்படுமுன்பே, இந்தியாவில் இருக்கும்போதே, திறந்து வைக்க வேண்டும். புதிய சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்; பழைய எண்ணிலேயே எல்லோருக்கும் நாம் கிடைப்போம். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் வந்தபின் இவ்வேற்பாடு மேலும் சுலபமாகிவிட்டது. விமானம் ஏறுமுன்பே வீட்டிலிருந்து டேட்டாவை வாங்கிப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பிரயாணிகளுக்கென்று விற்கப்படும் இ-சிம்களில் பல, போகிற தேசத்துடையவை அல்ல. மூன்றாவது தேசம் ஒன்றின் சிம்மாக இருந்து ரோமிங்கிலேயே வேலை செய்பவை. ஆகையால் அவற்றில் பெரும்பாலும் உள்ளூர் எண் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் பிள்ளைகளோடு தங்குகிறவர்கள் இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை மறக்கலாகாது. 90 நாள் எவ்வித உபயோகமும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம் என்பது விதி. முடங்கிய எண் பின்னர் வேறொருவருக்கும் போகக்கூடும்.

வயதானவர்கள் கொண்டுபோகும் பட்டன் போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் 2017-இல் 2ஜி சேவையையும், 2024-இல் 3ஜி சேவையையும் நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியை மூடிவிட்டன. கோயம்புத்தூரில் கணீரென்று பேசிய பழைய போன் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மௌனமாக இருப்பது கருவியின் குற்றமன்று. அது பேசும் அலை அங்கே இல்லை. 4ஜியிலேயே குரலை அனுப்பும் வோல்டி வசதியுள்ள போனாகப் பார்த்து, பெற்றோர் புறப்படுமுன்பே வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிடுவது நலம்.

தேசத்தைவிட்டுப் போகாமலே ரோமிங்கில் விழுவதும் உண்டு. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 2ஜி டவரின் அலை 35 கிலோமீட்டர் வரை எட்டக்கூடியது. நடுவே தடையற்ற கடல். ஆகவே அங்கே நிற்கிறவர்களின் போனை இலங்கை டவர் பற்றிக்கொள்வது சகஜம். ரோமிங் திறந்து வைத்திருப்பவர்கள் அவ்விடத்தில் நெட்வொர்க்கைத் தாமே தேர்ந்தெடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். உல்லாசக் கப்பல்களிலோ இதைக் காட்டிலும் ஜாக்கிரதை வேண்டும். கரை மறைந்ததும் கப்பலுக்குள்ளேயே உள்ள சிறிய டவர் செயற்கைக்கோள் வழியாக இணைப்பைத் தருகிறது. அதன் கட்டணம் மிக அதிகம். கப்பல் ஏறியதும் போனை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, அவசியமானால் கப்பலின் வைஃபையை விலை கேட்டு வாங்குவது மேல்.

புறப்படுமுன் போனிலுள்ள எண்கள் எல்லாவற்றையும் கூட்டல் குறியிட்டு, +91 என்று தொடங்கும்படி திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டை அழைக்க 011, ஜப்பானிலிருந்து 010, ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து 00 என்று இடத்துக்கு இடம் மாறும் முன்னெண்களை நினைவில் வைக்கும் தொல்லையை அந்த ஒரு குறி நீக்கிவிடும். அழைத்துப்போக வரும் பிள்ளையின் எண்ணை ஒரு காகிதத்திலும் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. பல விமான நிலையங்களின் இலவச வைஃபை, முதலில் ஓர் ஓடிபியை அனுப்பியே உள்ளே விடுகிறது என்பதால், ரோமிங் இல்லாதவர் அங்கே அடுத்தவரின் போனைக் கேட்டு வாங்க வேண்டிவரும். ஆபத்துச் சமயத்தில் ஜி.எஸ்.எம். போன் எதிலும் 112 என்று அழுத்தினால், நம் நிறுவனத்துக்கு அங்கே ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், கிடைக்கிற எந்த நெட்வொர்க் வழியாகவும் அழைப்பை அனுப்பப் போன் முயலும். ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் அதுவே எண். இந்தியாவுக்கும் இப்போது அதுவே. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995, அமெரிக்காவில் 911.