வெள்ளக் கணக்கில் விடுபடும் சேரி

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த மேல்வளையமாதேவியில், வயலில் நின்ற நெற்பயிரின் மீது மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே கண்டது. என்எல்சி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை நிரந்தரமாக மாற்றும் கால்வாய்ப் பணி அது. நிலம், இழப்பீடு, வேலைவாய்ப்பு குறித்து அப்போது நிறையப் பேசப்பட்டது. ஆற்றை இடம் மாற்றினால் மழைக்காலத்தில் அந்த நீர் யார் வாசலில் நிற்கும் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

இக்கேள்விக்கு விடை காணப் பொறியாளர்கள் கையாளும் கருவி, கணினியில் அமைக்கப்படும் நீரியல் மாதிரி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் உருவாக்கிய ‘எஸ்டபிள்யூஎம்எம்’ என்ற மென்பொருள் இன்றும் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஊரைச் சிறு நீர்பிடிப்புத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் பரப்பு, சரிவு, கட்டடமும் சாலையும் மூடிய பங்கு ஆகியவற்றையும், வடிகால்களின் அகலம், ஆழம், அடிமட்ட உயரம் ஆகியவற்றையும் அதற்குத் தர வேண்டும். பிறகு ஒரு மழையைப் ‘பெய்வித்தால்’, எவ்வளவு நீர் மண்ணில் இறங்கும், எவ்வளவு ஓடும், எந்த இடத்தில் வடிகால் நிரம்பி வழியும் என்பதை அது கணிக்கும். மழைநீர் புகுந்த பாதாளச் சாக்கடை எந்த ஆள்நுழைவுக் குழியில் பொங்கும் என்பதையும் காட்டும்.

கணக்கு நேர்மையானதுதான். ஆனால் கணக்குக்குள் எதை இடுவது என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள்.

முதல் முடிவு, எவ்வளவு பெரிய மழையைத் தாங்கும்படி வடிகால் கட்டுவது என்பது. ஒன்றிய அரசின் 1993ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேடு இதை வெளிப்படையாகவே வகுத்தது. புறநகர்க் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இருமுறை வெள்ளம் தேங்கலாம். மையத்திலுள்ள, ஒப்பீட்டளவில் விலை உயர்ந்த குடியிருப்புகளில் ஆண்டுக்கு ஒருமுறை. வணிகப் பகுதியிலும் விலை உயர்ந்த பகுதியிலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. நிலத்தின் சந்தை விலையே அங்கு வாழ்வோருக்கான பாதுகாப்பின் அளவாகப் பொறியியல் விதியில் எழுதப்பட்டது. 2019இல் வந்த மழைநீர் வடிகால் கையேடு அளவுகளை உயர்த்தியது. ஆனால் மையம், புறப்பகுதி என்ற வேறுபாட்டைக் கைவிடவில்லை. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டு ஊரின் விளிம்பில் குடியமர்த்தப்பட்டவர்கள் இந்தப் பட்டியலில் எந்த வரிசையில் வருவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது முடிவு, மாதிரியின் எல்லை. பரவனாறு மழைநீரை மட்டும் சுமக்கவில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் நெய்வேலியில் சுரங்கம் இயங்கும். அந்த நீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மழை தொடங்கும்போதே ஆறு வெறுமையாக இல்லை. ஆற்றின் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால் வடிகால் நீர் வெளியேறாது. எதிர்த்து ஊருக்குள் வரும். ஆகவே பேரூராட்சி எல்லையோடு நின்றுவிடும் மாதிரி பாதி உண்மையையே சொல்லும்.

2015 நவம்பரில் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மக்களையும் அடித்துச் சென்றதில் பத்துப் பேர் மாண்டனர். இத்தகைய ஓடைக்கரைக் குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் தரும் உயரத் தரவு சரியாகக் காட்டாது. இலவசமாகக் கிடைக்கும் தரவு 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. உயரத்தில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். ஊர்த்தெருவைவிட இரண்டடி தாழ்ந்த சேரி அந்தப் படத்தில் மறைந்தே போகும். தரையில் இறங்கி அளந்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும்.

மூன்றாவது முடிவு, வடிகால் தூய்மையாக இருக்கும் என்ற அனுமானம். திரையில் குழாய்கள் அடைப்பதில்லை. நிலத்தில் அடைக்கின்றன, அதை நீக்க இறக்கப்படுவோரில் பெரும்பாலோர் தலித்துகள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மரணம் தொடர்வதால்தான் தொகையும் உயர்கிறது. இயந்திரத்தால் தூர்வார முடியாத வடிகாலை வரைபடத்திலேயே நிராகரிப்பது பொறியாளரின் கடமை.

அரசிடம் திறன் இல்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. 2004 முதல் வீராணம் ஏரியின் நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து உந்தப்பட்டு, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னையை அடைகிறது. அத்தனை தொலைவுக்கு நீரின் அழுத்தத்தைக் கணக்கிடத் தெரிந்த துறைக்கு, அதே ஊரின் காலனியில் நிற்கும் நீரை வெளியேற்றும் கணக்கு கடினமானதன்று.

ஆகவே வடிகால் திட்டமோ கால்வாய்த் திட்டமோ வரும்போது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே நாம் கேட்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கொருமுறை வரும் மழைக்கு வடிவமைத்தீர்கள்? சேரியின் தரைமட்டத்தை நேரில் அளந்தீர்களா? சுரங்க நீரைச் சேர்த்தீர்களா? தூர்வாரப் போவது எது, இயந்திரமா மனிதரா? பொறியியல் பயிலும் மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2015 வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்பதைக் காலனி மக்கள் இன்றும் கைகாட்டிச் சொல்வார்கள். அந்த உயரங்களை அளந்து பதிவு செய்து கிராம சபையில் வையுங்கள். மாதிரி சரியா என்பதைச் சோதிக்க அதைவிடச் சிறந்த சான்று அலுவலகக் கோப்புகளில் கிடைக்காது.