நைட் ஷிஃப்ட் பார்க்கும் புழு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? டிபன் கேரியரோடு ஒரு கூட்டம் உள்ளே போகும். இன்னொரு கூட்டம் கொட்டாவியோடு வெளியே வரும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கத்தரித் தோட்டங்களிலும் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கலாம் என்கிறேன் நான். சம்பளம் கிடையாது, யூனியன் கிடையாது. ஆள்தான் கொஞ்சம் குள்ளம்... ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது!

பெயர், நூற்புழு. கேட்டதுமே விவசாயிகள் 'ஐயையோ' என்பார்கள். தக்காளி, கத்தரி வேரில் முடிச்சுப் போட்டு உயிரை வாங்கும் வேர்முடிச்சு நூற்புழுவும் இதே வம்சம்தானே! ஆனால் ஒரே வீட்டில் ஒரு பிள்ளை ரௌடி, இன்னொரு பிள்ளை போலீஸ் என்பது சினிமாவில் மட்டுமா நடக்கும்?

நம்ம போலீஸ் பிள்ளையின் பெயர் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பூர்வீகம் கோயம்புத்தூர்! அங்கே கண்டெடுத்து, 1992-ல்தான் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள்.

கத்தரி வேரைக் கடித்துத் தின்னும் சாம்பல் வண்டின் புழுவை இது மண்ணுக்குள்ளேயே தேடிப் பிடிக்கும். வாய், மூச்சுத்துளை என்று கிடைத்த வழியில் உள்ளே புகுந்து, தன் குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவை அவிழ்த்துவிடும். இரண்டே நாளில் எதிரி காலி. செங்கல் நிறத்தில் கிடப்பான். அந்தப் பிணத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்திப் பெருகி, அடுத்த வேட்டைக்குக் கிளம்பும். ஆய்வுக்கூடத்தில் மெழுகு அந்துப்பூச்சியின் ஒரே ஒரு புழுவிலிருந்து லட்சத்துக்கு மேல் கிடைக்குமாம். பி.காம். படித்த எனக்கே இந்த வட்டிக் கணக்கு தலை சுற்றுகிறது! மனிதர்களுக்கோ ஆடு மாடுகளுக்கோ கெடுதல் இல்லை.

அப்புறம் என்ன தயக்கம்? மருந்து டப்பா மாதிரி நினைத்துப் பட்டப்பகலில் அடித்துவிடுவதுதான் சிக்கல். இது உயிருள்ள ஜீவன் ஸார்! வெயிலும் வறட்சியும் இதற்கு எமன். கத்தரிக்காயைக் காக்க வந்தவனைக் கத்திரி வெயிலில் நிறுத்தினால் எப்படி?

பொழுது சாய்ந்த பிறகு, ஈர மண்ணில், செடியின் தூரைச் சுற்றி ஊற்ற வேண்டும். ஸ்பிரேயரில் அடிப்பதானால் உள்ளே இருக்கும் சன்ன வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். அப்புறமும் சில நாள் மண் காயக்கூடாது. வாங்கிய பொட்டலத்தை பம்ப்செட் ரூமில் வேகவிடாமல் நிழலில், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். தேதி பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று... இது சர்வரோக நிவாரணி அல்ல. காய்க்குள் புகுந்துகொண்ட காய்த்துளைப்பான் புழுவிடம் இதன் ஜம்பம் பலிக்காது. இலைமேல் அடித்தால் சீக்கிரமே காய்ந்து செத்துப்போகும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் எதிரிதான் இதன் இலக்கு. சந்தேகமென்றால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பகலில் அடித்து ஒருமுறை ஏமாந்தவர், 'எல்லாம் பித்தலாட்டம்' என்று மறுநாளே விஷ பாட்டிலைத் திறப்பார். பக்கத்து வயல்காரரும் அதையே செய்வார். அந்தக் கத்தரிக்காய் கோயம்பேடு வழியாக நம் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குத்தான் வரப்போகிறது.

அதனால்தான் கெஞ்சுகிறேன்... தயவுசெய்து புழுவின் ஷிஃப்டை மாற்றிவிடாதீர்கள்!