நீரால் குளிரும் கொடி, காற்றால் குளிரும் புதர்

கோடைக் காலத்தில் ஒரு தோட்டத்துக்குக் கிடைக்கும் நீர் அளவானது. அந்த நீரை எந்தச் செடிக்குக் கொடுப்பது என்பது தோட்டம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் போட வேண்டிய கணக்கு ஆகும். இக்கணக்கில் இரு கோடிகளில் நிற்கும் இரு தாவரங்களை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று முலாம்பழக் கொடி. மற்றொன்று மிர்ட்டில் என்னும் பசுமை மாறாப் புதர்ச்செடி.

இருவர் அறிமுகம்

முலாம்பழம் நமக்குப் புதியதன்று. பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது தனித்தனியே பயிராக்கப்பட்டது என்பதை 2019ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. விதைத்த மூன்று, நான்கு மாதங்களில் பூத்து, காய்த்து, பழுத்து, கொடி மடிந்துவிடும்.

மிர்ட்டில் நம்மில் பலரும் கண்டிராத செடி. ஆனால் அதன் உறவினர்களை நாம் நன்கு அறிவோம். நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் யாவும் மிர்ட்டில் குடும்பமே. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் இயற்கையாக வளரும் இச்செடி இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வரை புதராக நிற்கும். இலை சிறியது, தடித்தது, பளபளப்பானது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கசக்கினால் நறுமணம் வீசும். கோடையில் வெண்ணிறப் பூக்களும், பின்னர் கருநீலக் கனிகளும் தோன்றும். ஸ்பெயின் நாட்டின் கிரானடா நகரில் உள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனையில், குளத்தின் இரு மருங்கிலும் மிர்ட்டில் வேலி அமைந்த முற்றம் ஒன்று அச்செடியின் பெயராலேயே வழங்குகிறது.

மழை இல்லாத கோடை

மத்தியதரைக் கடற்பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தென் ஸ்பெயினில் மழை இல்லை என்றே சொல்லலாம். வெயிலோ கடுமையானது. இதே கோடையில்தான் அந்நாட்டார் விரும்பி உண்ணும் ‘தேரைத்தோல்’ என்று பெயர் பெற்ற பச்சை முலாம்பழமும் விளைகிறது. கொடிக்கு அந்த வெப்பம் தேவை. ஆனால் மழை தராத நீரை வாய்க்கால் தர வேண்டும். அருகில் நிற்கும் வளர்ந்த மிர்ட்டிலோ அதே கோடையைச் சிறிதளவு நீரோடு கடந்துவிடுகிறது. ஒரே வெயிலில் ஏன் இந்த வேறுபாடு?

இலையின் வெப்பக் கணக்கு

நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். இதில் சுமார் பாதியை, அதாவது 500 வாட்டை, இலை உட்கொள்கிறது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது இதில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியது முழுவதும் வெப்பம். அதை வெளியேற்றாவிட்டால் இலை வெந்துவிடும்.

வெப்பத்தை வெளியேற்ற இலைக்கு மூன்று வழிகள் உண்டு. வெப்பக் கதிராக வீசலாம். சுற்றியுள்ள காற்றிடம் கொடுக்கலாம். அல்லது நீரை ஆவியாக்கலாம். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி, அதாவது 2430 ஜூல், உள்ளுறை வெப்பம் தேவை. 500 வாட் முழுவதையும் நீரின் மூலமே போக்குவதானால், ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு மணிக்கு முக்கால் லிட்டர் நீரைச் செலவிட வேண்டும்! மற்ற இரு வழிகளும் பங்கேற்பதால் உண்மைச் செலவு இதைவிடக் குறைவு. எனினும் நன்கு படர்ந்த முலாம்கொடி, கடுங்கோடையில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் அளவில் நீர் கேட்பதில் வியப்பில்லை.

அகலம் செய்யும் வேலை

காற்றின் மூலம் வெப்பத்தைப் போக்குவதற்கு நீர்ச்செலவே இல்லை. அப்படியிருக்க, கொடி ஏன் அந்த வழியை முழுதும் நம்புவதில்லை? விடை இலையின் அகலத்தில் உள்ளது.

காற்று வீசும்போதும் இலையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. வெப்பம் இப்படலத்தைக் கடந்தே வெளிக்காற்றை அடைய வேண்டும். படலத்தின் தடிமன் இலை அகலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள இளங்காற்றில், 12 செ.மீ. அகலமுள்ள முலாம் இலையின் மேல் படலம் சுமார் 1.4 மி.மீ. தடிமன் இருக்கும். 1.2 செ.மீ. அகலமுள்ள மிர்ட்டில் இலையின் மேல் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலம் பத்து மடங்கு குறைந்தால் படலம் ஏறத்தாழ மூன்று மடங்கு மெலிகிறது. ஆகவே சிறிய இலை தன் வெப்பத்தைக் காற்றிடம் மும்மடங்கு எளிதாக ஒப்படைக்கிறது. அகன்ற இலைக்கு நீர்தான் துணை.

மெல்லிய படலத்தின் வழியே நீராவியும் எளிதில் வெளியேறிவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி சரியே. அதனால்தான் மிர்ட்டில் இலை தடித்த மெழுகுப் பூச்சு அணிந்துள்ளது. நீர் குறையும்போது இலைத்துளைகளையும் பெருமளவு மூடிக்கொள்கிறது. துளைகளை மூடியும் அதன் இலை வெந்துபோவதில்லை. காற்று அதைக் காக்கிறது.

பூசணிக் குடும்பம் நீரை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு நம் வறண்ட நிலங்களிலும் காணப்படும் பேய்க்குமட்டி சான்றாகும். ஆட்டோ லாங்கே என்ற ஜெர்மானியத் தாவரவியலார் மௌரித்தேனியப் பாலைவனத்தில் செய்த ஆய்வுகளை 1959ஆம் ஆண்டு வெளியிட்டார். அங்கு இக்கொடியின் இலை, காற்றைவிட 15 டிகிரி வரை குளிர்ந்திருந்தது! இலையை வெட்டி நீர்வரத்தை நிறுத்தியதும் அதன் வெப்பநிலை விரைந்து ஏறியது.

செலவிட்டுப் பெறுவது என்ன?

அப்படியானால் முலாம்கொடி ஊதாரியா? இல்லை. கரியமில வாயு நுழையும் இலைத்துளை வழியேதான் நீராவியும் வெளியேறுகிறது. இவ்வகைத் தாவரங்களில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன. துளையைத் திறந்து வைப்பவனுக்கே மிகுந்த உணவு. மூன்று மாதத்தில் வாழ்வை முடிக்க வேண்டிய கொடி துளையைத் திறந்து வைக்கிறது. பல்லாண்டு வாழ வேண்டிய புதர் மூடிவைத்து மெல்ல வளர்கிறது.

முலாம்பழம் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. அதன் இனிப்பு, கொடியில் இருக்கும் வரை இலைகள் அனுப்பும் சர்க்கரையே. பறித்தபின் பழம் மென்மையாகலாம், மணம் கூடலாம். இனிப்பு கூடாது. எனவே கடைசி வாரங்களில் இலை வாடினால் பழமும் சப்பென்று போகும்.

ஓர் எளிய சோதனை

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சம எடையுள்ள பூசணி இலைகளையும் நாவல் இலைகளையும் பறித்து, நிழலில் நூலில் தொங்கவிடுங்கள். மணிக்கொரு முறை பள்ளித் தராசில் எடை பாருங்கள். பூசணி இலை விரைவில் துவண்டு எடை இழக்கும். நாவல் இலை நெடுநேரம் விறைப்பாகவே இருக்கும்.

எதை நடலாம்?

கிணற்றில் கோடை முழுவதும் நீர் இருக்குமானால், தை, மாசியில் முலாம் விதைத்துப் பயன் பெறலாம். நண்பகலில் அதன் இலை தொங்கினால் உடனே நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மாலையில் நிமிர்ந்துவிட்டால் குறையில்லை. காலையிலும் தொங்கினால்தான் நீர் போதவில்லை என்று பொருள். நிலத்தின் மேல் வைக்கோல் பரப்பினால், மண்ணிலிருந்து வீணாக ஆவியாகும் நீராவது மிஞ்சும்.

சித்திரைக்குள் கிணறு வற்றிவிடும் இடமானால், தடித்த இலையுடைய பசுமை மாறாச் செடியே ஏற்றது. சமவெளியில் நாவலும், நீலகிரி போன்ற மலைகளில் மிர்ட்டில் குடும்பத்துப் புதரான தவிட்டுப்பழமும் உண்டு. முதல் ஓரிரு ஆண்டுகள் வேர் இறங்கும் வரை நீர் ஊற்றினால், பிறகு அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

மிர்ட்டிலையும் முலாமையும் ஒரே பாத்தியில் நடுவது மட்டும் கூடாது. கொடிக்குப் போதுமான நீர் புதரின் வேரை அழுகச் செய்யும். புதருக்குப் போதுமான நீரில் கொடி காய்ந்துவிடும். இரண்டும் வேண்டுமானால் பாத்தியும் வேறு, வாய்க்காலும் வேறாக இருக்கட்டும்.

நாற்று வாங்கப் போகும்போது பூவையும் பழத்தையும் மட்டும் பார்க்காமல், இலையையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அகன்று மெலிந்த இலையா, சிறுத்துத் தடித்த இலையா என்பதைக் கொண்டே, அந்தச் செடி கோடையில் உங்களிடம் எத்தனை குடம் நீர் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.